பரவப்போகும் கட்டி எது?

என் பெரியப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் சிறிய புற்றுநோய்க் கட்டி வந்தது. கழுத்தில் நெறி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றாலும், அறுவையின்போது கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே அகற்றினார்கள். ஆய்வறிக்கையில் ஒரு முடிச்சிலும் புற்று இல்லை. ஆனால் இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்த அவர் இன்றும் சிரமப்படுகிறார்.

மருத்துவர்கள் செய்தது சரியே. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கநிலை வாய்ப்புற்றுநோய்க்கு முடிச்சுகளையும் உடனே அகற்றிக்கொண்டவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டுகள் கடந்தும் உயிர் வாழ்ந்தனர். நெறி கட்டட்டும் என்று காத்திருந்தவர்களில் இது 67.5 விழுக்காடாகவே இருந்தது. ஆனால் உடனே அகற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கே முடிச்சில் புற்று இருந்தது. மற்ற எழுவரை முன்கூட்டியே உறுதியாகப் பிரித்தறிய, கட்டியின் ஆழம் போன்ற அளவுகள் போதவில்லை.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் மிக்கேலா ஃப்ரை குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வின் மேல் செல்கள் இடும் வேதிக் குறிகள் 170க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்று, செல்லுக்கு ஆற்றல் ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாவில், புரதம் கட்ட மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ. என்ற ஆர்.என்.ஏ. வகையின் 34ஆம் எழுத்தில் என்.எஸ்.யு.என்.3 என்னும் நொதி இடும் மெத்தில் குறி. அது இல்லாவிட்டால் மைட்டோகாண்ட்ரியா தன் புரதங்களைச் சரிவர ஆக்க இயலாது. அக்குறி இல்லாத வாய்ப்புற்று செல்லோ, சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறுவதைக் கூட்டிக்கொண்டு பிழைத்துவிடுகிறது. எலிகளில் அத்தகைய செல்களால் ஆன முதற்கட்டி வழக்கம்போலவே வளர்ந்தது, ஆனால் பரவும் ஆற்றல் வெகுவாகக் குன்றியது. வளர்வதும் பரவுவதும் வெவ்வேறு திறன்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் படித்ததில்லை.

மைட்டோகாண்ட்ரியாவின் புரத ஆக்கத்தைத் தடுக்கும் மருந்துகள் எலிகளில் இப்பரவலைக் குறைத்தன. அவற்றுள் சில நாம் அறிந்த ஆன்டிபயாட்டிக்குகள்தாம். அதை நம்பி யாரும் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கிவிடக் கூடாது.

என் அக்கறை மருந்தைவிடச் சோதனையின் மீதே. மைட்டோகாண்ட்ரியா சார்ந்த மரபணுச் செயல்பாட்டைக் கொண்டு, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் யாருக்கு நோய் பரவும் என்று கணிக்கலாம் என்றும் அக்குழு காட்டியது. புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில்தான் இதை விரிவாகச் சோதிக்க வேண்டும். பரவியவை, பரவாதவை என முடிவு தெரிந்த எத்தனையோ கட்டிகளின் துண்டுகள், மெழுகில் பதிக்கப்பட்டு நம் மருத்துவமனைகளின் நோய்க்குறியியல் துறைகளில் ஏற்கெனவே இருக்கின்றன.