ஹெராயினை ஒருமுறை தொட்டால் மீட்சியே இல்லையா?

"ஹெராயினை ஒரே ஒருமுறை தொட்டாலும் ஆயுள் முழுக்க அடிமைதான், சூழல், பண்பாடு என்பதெல்லாம் வெறும் சாக்கு" என்றொரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. மீண்டு வரப் போராடுபவரின் நம்பிக்கையை உடைக்கும் தவறு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. பலர் சிகரெட்டில் கலந்து புகைத்தார்கள். 1971-இல் நாடு திரும்புமுன் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயமானது. தேறாதவர்களை நிறுத்திவைத்து, போதை தெளிந்த பிறகே அனுப்பினார்கள். நாடு திரும்பிய வீரர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார் ஆய்வாளர் லீ ராபின்ஸ். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தார். ஆனால் அவர்களில் திரும்பிய முதல் ஆண்டிலேயே மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் பேர்தான். பெரும்பாலோர் சிகிச்சைக்குக்கூடப் போகவில்லை. ஹெராயின் அதேதான். மாறியது போர்க்களமும், பயமும், கூட இருந்தவர்களும்.

அதற்காக ஹெராயின் ஆபத்தில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். பலருக்கு மீள மருத்துவ உதவி கட்டாயம் வேண்டும்.

போதையில் சூழலுக்கும் பண்பாட்டுக்கும் பங்குண்டு என்பதைக் கோக்கா இலையும் காட்டுகிறது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைமக்கள் களைப்புக்கும் சடங்குக்குமாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதை மென்றுவந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து பிரித்தெடுத்த கொக்கெய்ன்தான், சடங்கும் வழக்கமும் தந்த கட்டுப்பாடுகள் எதுவும் இல்லாத ஊர்களில் நுழைந்து நாசம் செய்தது.