மெதுவாக ஓட்டினாலும் மூட்டு தேயும்

ட்ரையல்ஸ் பைக் ஓட்டுகிறவன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் பெரும்பாலும் கேட்பது, "அதில் வேகமே கிடையாதே, பெருசா என்ன அடி படப்போகுது?" மண்பாதை வேகப் பந்தயமான மோட்டோகிராஸ் ஓட்டுகிற நண்பர்களே இப்படித்தான் கேட்கிறார்கள். நடக்கிற வேகத்தில் ஓட்டுகிறோம் என்பது உண்மை. விழுந்தாலும் பெரும்பாலும் மண்ணைத் தட்டிவிட்டு உடனே ஏறிவிடலாம், அதுவும் உண்மை. ஆனால் என்னோடு இளம் வயதில் ஓட்ட ஆரம்பித்தவர்களை இப்போது பார்க்கிறேன். ஒருவர் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறார். இன்னொருவரால் இறுக்கமான மூடியைத் திருகித் திறக்க முடியவில்லை. வேறொருவருக்குக் காலையில் குனிந்து ஷூ மாட்டுவதற்குள் வியர்த்துவிடுகிறது. இவர்களில் யாரும் பெரிய விபத்தில் மாட்டியவர்கள் கிடையாது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. இதைப் பற்றி நம் ஆட்கள் வாய் திறப்பதே இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ட்ரையல்ஸ் பைக்கில் உட்கார சீட் கிடையாது, முழு நேரமும் பாதம் வைக்கிற ஃபுட்பெக்கில் நின்றபடிதான் ஓட்டவேண்டும். பைக் எழுபது கிலோ பக்கம் இருக்கும். பாறையைப் பிடித்து ஏறுவதற்காகப் பின்டயரில் 4 அல்லது 5 பிஎஸ்ஐ காற்றுதான் வைப்போம். பாறை, ஓடை, சகதி, மரக்கட்டை என்று கொடி நட்டு செக்‌ஷன் அமைத்திருப்பார்கள். அதற்குள் ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டு முறை ஊன்றினால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ, கொடிக்கு வெளியே போனாலோ ஐந்து. புள்ளி குறைவாக வாங்கியவர் ஜெயிப்பார்.

இந்தப் புள்ளிக் கணக்குதான் நம் முழங்காலைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. பைக் இடது பக்கம் சாய்கிறது என்று வையுங்கள். உடம்பு வலது பக்கம் இழுத்துச் சமாளிக்கப் பார்க்கிறது. ஆரம்பத்திலேயே காலை வைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு புள்ளி போய்விடுமே என்று கடைசி நொடிவரை காலை ஃபுட்பெக்கிலேயே வைத்திருக்கிறோம். இனி முடியாது என்று ஆன பிறகு கால் வெளியே வரும்போது பைக்கும் நம் உடம்பும் சேர்ந்து சரிந்துகொண்டிருக்கும், முழங்கால் லேசாக மடங்கி உள்பக்கம் திரும்பியிருக்கும், பாதம் பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். பூட் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருப்பதால் திருகுகிற விசை அங்கே போக வழியில்லை, நேராக முழங்காலுக்குப் போகிறது. முன்புறச் சிலுவைத் தசைநார், அதுதான் ஏசிஎல், கிழிவது இப்படித்தான். முழங்காலுக்குள் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ் கிழிவதும் இப்படித்தான். வேகம் பூஜ்யமாக இருக்கும்போதே இது நடக்கும், பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஏதோ கால் ஊன்றியது போலத்தான் தெரியும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஏசிஎல் கிழிந்த முழங்காலில், ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும், பத்து இருபது வருஷம் கழித்து மூட்டுத் தேய்மானம் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ரொம்ப அதிகம். இருபத்தைந்து வயதில் ஒரு புள்ளியைக் காப்பாற்றப் போய், நாற்பது வயதில் மாடிப்படியைப் பார்த்தாலே தயங்குகிற நிலை. போட்டியில் இதைச் செய்தால்கூட எனக்குப் புரிகிறது. பயிற்சியில் எதற்கு? அங்கே புள்ளி குறிக்கிற அப்சர்வர் இல்லை. நான் பயிற்சியில் சந்தேகம் வந்த உடனே காலை வைக்கிறேன். அதற்கும் மேலே போனால் பைக்கை விட்டுவிடுகிறேன். பைக்கை எந்தப் பக்கம் தள்ளிவிட்டு எந்தப் பக்கம் இறங்குவது என்பதைத் தனியாகவே பழகவேண்டும், முதலில் சமதரையில், அப்புறம் சரிவில், ஏறுவதைப் பழகுகிற அதே அக்கறையோடு. கடைசிவரை ஹேண்டில்பாரை விடாமல் தொங்குகிறவரை "விடாப்பிடியான ஆள்" என்று கைதட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். லீவர் உடைந்தால் வேறு மாற்றலாம்.

அடுத்து கை. கிளட்ச் லீவரையும் முன்பிரேக் லீவரையும் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால்தான் பிடிக்கிறோம். ஒரு செக்‌ஷனில் கிளட்ச்சை எத்தனை முறை விட்டு விட்டுப் பிடிக்கிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. ஹைட்ராலிக் கிளட்ச் வந்த பிறகு விரலுக்குச் சுமை குறைந்தது உண்மைதான், அதனாலேயே நாம் இன்னும் அதிக நேரம் பயிற்சி செய்கிறோம். முன்கைத் தசை வீங்கி, அதைச் சுற்றியிருக்கிற உறைக்குள் இடம் போதாமல் இறுகிப்போவதைத்தான் ஆர்ம் பம்ப் என்கிறோம். அது பெரும்பாலும் அன்றைக்கே சரியாகிவிடும். பல வருஷமாக ஒட்டிக்கொண்டு வருவது, தசையை எலும்போடு இணைக்கிற தசைநாணில் வருகிற வலி. முழங்கையின் வெளிப்பக்கம் வருகிற டென்னிஸ் எல்போ, கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டுப் பக்கம் வருகிற டி குவர்வெய்ன், இரண்டும் நம் கூட்டத்தில் சர்வசாதாரணம். கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும், அதுதான் இங்கேயும்.

தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஆறுவதும் மெதுவாகத்தான். ஒரு மாதம் சும்மா இருந்தால் வலி அடங்கும், மறுபடி பைக் எடுத்த அன்றைக்கே திரும்பி வரும். ஓய்வில் வலி குறைந்ததே தவிர, தசைநாணுக்கு வலு கூடவில்லை. அதற்கு எடை வைத்து, மெதுவாக, வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கவேண்டும். எனக்கு முழங்கை வலி வந்தபோது மாதக்கணக்கில் இதைச் செய்துதான் மீண்டேன், அதற்குக் குறுக்குவழி எதையும் நான் பார்க்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சொர்க்கமாக இருக்கும். ஆனால் டென்னிஸ் எல்போவுக்கு ஊசி போட்டவர்கள் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், போடாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசிக்குக் கை நீட்டும் முன் இதை டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், காசு செலவில்லாதது. லீவரின் கோணம். நின்றுகொண்டு ஓட்டுகிற நிலையில் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி லீவரைக் கீழே திருப்பி வையுங்கள். உட்கார்ந்து ஓட்டுகிற பைக்குக்கு வைக்கிற மாதிரி மேலே வைத்தால் மணிக்கட்டு நாள் முழுக்க மடங்கியே இருக்கும்.

மணிக்கட்டு என்றதும் ஸ்கேஃபாய்டு எலும்பைச் சொல்லாமல் போக முடியாது. கையை ஊன்றி விழுந்த பிறகு கட்டைவிரலின் அடிக்குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களா? அதோடு விட்டுவிடாதீர்கள். இந்த எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கவேண்டும், அல்லது எம்ஆர்ஐ. அதுவரை கட்டு இருக்கவேண்டும். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கித்தான் வருகிறது, அதனால் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் போகாமல் சேராமலே இருந்துவிடலாம். சேராமல் விட்டால் வருஷங்கள் போகப் போக மணிக்கட்டு முழுவதும் தேய்ந்துபோகும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓட்டியவர்களின் கையைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் மடங்காது.

முதுகைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். செக்‌ஷனுக்குள் நின்ற இடத்தில் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் மாறி மாறித் தூக்கிக் குதிப்பது கீழ்முதுகுக்குப் பெரிய சுமை. 2013இல் உலக சாம்பியன்ஷிப்பில் பைக்கை நிறுத்தாமல் ஓட்டவேண்டும் என்ற விதி வந்தபோது பலருக்குக் கோபம், திறமைக்கு மரியாதை இல்லை என்றார்கள். வயதான முதுகுகளின் பக்கமிருந்து பார்த்தால் கிளப் போட்டிகளுக்கு அது நல்ல விதி என்பதே என் கட்சி. ஆனால் நான் பார்த்த வரையில் முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் செக்‌ஷன் முடிந்த பிறகுதான். பள்ளத்தில் விழுந்த பைக்கை, களைத்துப்போன நிலையில், ஈரப் பாறைமேல் நின்றுகொண்டு, முதுகை வளைத்துத் திருகி இழுக்கும்போது. எழுபது கிலோவைத் தனியாக இழுத்து யாரிடம் என்ன நிரூபிக்கப் போகிறோம்? கூப்பிடுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் இறங்குங்கள்.

பாதமும் இடுப்பும் தனிக்கதை. ஒரு சின்ன இரும்புப் பல்வரிசையின்மேல் நாள் முழுக்க உடம்பைத் தாங்குவதால் குதிகால், உள்ளங்கால் வலி வருகிறது. சைக்கிள் ட்ரையல்ஸ் ஓட்டுகிறவர்கள் எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்துத்தான் குதிக்கிறார்கள், அதனால் உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளர்வதில்லை. ஜிம்மில் மறுபக்கத்துக்கும் வேலை கொடுக்கவேண்டியதுதான் வழி.

பெரிய விபத்தே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. மார்ட்டின் ஆஷ்டன், சைக்கிள் ட்ரையல்ஸில் அவ்வளவு தேர்ந்தவர், 2013இல் சில்வர்ஸ்டோனில் ஒரு காட்சி நிகழ்ச்சியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பிறகு தனக்கென்று மாற்றியமைத்த சைக்கிளில் மலையில் திரும்ப ஓட்டினார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஆனால் அந்த மாதிரி விபத்து அபூர்வம், அதை நினைத்து எல்லோரும் பயப்படுகிறோம். தேய்மானம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருவது, அதற்கு யாரும் பயப்படுவதில்லை.

உடனே ஒருவர் வந்து டோனி போவைப் பாருங்கள் என்பார். 2007 முதல் 2024 வரை ஒரு வருஷம்கூட விடாமல் உலகப் பட்டம், 1986இல் பிறந்தவர். டகஹிசா ஃபுஜினாமி 1996 முதல் 2021 வரை உலக சாம்பியன்ஷிப் ஓட்டினார். சரி, பார்த்தேன். அவர்களுக்கு உடம்பைப் பேணுவதே முழுநேர வேலை, கூடவே பிசியோ, பயிற்சியாளர், வாரம் முழுக்கப் பங்கிட்டுக் கொடுத்த சுமை. நாம் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிநேரம் விடாமல் ஓட்டுகிறோம். தசைநாணுக்கு இதைவிடக் கொடுமையான ஏற்பாடு வேறு இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அரைமணி நேரம் வலுப்பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை நேரத்தில் பாதியைக் குறைப்பது, இந்த இரண்டும் எந்த முழங்கால் கவசத்தைவிடவும் அதிகம் காப்பாற்றும் என்று நம்புகிறேன். அப்புறம் போட்டி அன்று காலையிலேயே வலி மாத்திரை போட்டுக்கொண்டு வருகிற பழக்கம். அந்த மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பது ஒருபுறம். இப்போது நிறுத்து என்று உடம்பு சொல்வது காதில் விழாமல் போவது அதைவிட மோசம். வலியை மறைத்துக்கொண்டு இந்த விளையாட்டை ஓட்டக்கூடாது.

கடைசியாக கிளப் நடத்துகிறவர்களிடம், குறிப்பாக செக்‌ஷன் அமைக்கிறவர்களிடம். நீங்கள் கொடி நடும்போது ஓட்டுகிறவர் எப்படி ஏறுவார் என்று பார்க்கிறீர்கள். ஏற முடியாமல் போனால் எங்கே விழுவார் என்றும் நின்று பாருங்கள். படிப்பாறையில் ஏறத் தவறியவர் பின்பக்கம்தான் வருவார், பைக் அவர் மேலே வரும். அந்த இடத்தில் கூரான கல் இருந்தால் எடுங்கள், கால் சிக்குகிற இடுக்கு இருந்தால் மண் போட்டு மூடுங்கள், உயரமான படியில் பைக்கைப் பிடிக்க மைண்டர் இல்லாமல் யாரையும் விடாதீர்கள். முதல் சுற்றில் அதே இடத்தில் மூன்று பேர் மோசமாக விழுந்தால் அடுத்த சுற்றுக்கு முன் அந்தக் கொடியை நகர்த்துங்கள். வயதானவர்களுக்கும் காயத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கும் சுலபமான பாதை ஒன்று எல்லா செக்‌ஷனிலும் இருக்கட்டும், அதில் ஓட்டுகிறவரை யாரும் குறைவாகப் பேசவேண்டாம்.

ஏசிஎல் ஆபரேஷன் முடித்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகள் இன்பாக்ஸில் கேட்கிற ஒரே கேள்வி, எப்போது திரும்ப ஓட்டலாம் என்பது. ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பியவர்களுக்கு மறுபடி அடிபடுகிற வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. ஒன்பது மாதம் ஆனாலும் இரண்டு தொடையின் வலுவும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறதா என்று பிசியோவிடம் அளந்து பார்க்காமல் ஏறவேண்டாம். இந்த வழியில் போய்த் திரும்பி வந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள்: எத்தனை மாதம் காத்திருந்தீர்கள், முதலில் எதை ஓட்டினீர்கள், இப்போது முழங்கால் எப்படி இருக்கிறது. அவர்களுக்கு என்னைவிட உங்கள் பதில்தான் உதவும்.