பார்ப்ராவின் பிராட்வே ஆல்பம்: என் நண்பருக்குச் சொல்ல நினைத்தது

அமெரிக்கப் பாடகியும் நடிகையுமான பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட், பிராட்வே எனும் நியூயார்க் நாடக மேடையின் பாட்டுகளைப் பாடிய 'த பிராட்வே ஆல்பம்' வெளிவந்தது 1985 நவம்பரில். இத்தனை வருஷம் கழித்தும் அதைக் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகத்தான் நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு அவர் பாடியதிலேயே அதுதான் உச்சம். இன்னொரு கட்சிக்கு, யாரோ எழுதிய அருமையான நாடகப் பாட்டுகளை எடுத்துத் தன் குரலைக் காட்டிக்கொண்ட வேலை அது.

நான் முதல் கட்சி. அந்த கேசட்டை எனக்குக் கொடுத்த நண்பரே இரண்டாம் கட்சி. போன வாரம் போனில் ஒரு மணி நேரம் வாதாடினோம். அவர் நன்றாகப் பேசுவார், நான் தடுமாறினேன். அப்போது சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

அவருடைய குற்றச்சாட்டு லேசானது இல்லை. பிராட்வே பாட்டு என்பது தனியாக நிற்கும் பாட்டு அல்ல. ஒரு பாத்திரம், ஒரு நெருக்கடி, பேசிப் பேசி இனிப் பேச முடியாத ஒரு கணம், அங்கேதான் பாட்டு பிறக்கிறது. அந்த ஆளையும் அந்த நிலைமையையும் கழற்றிவிட்டு மெட்டை மட்டும் பாடினால் என்ன மிஞ்சும் என்று கேட்கிறார். எல்லாப் பாட்டிலும் பார்ப்ராதான் நிற்கிறார், பாத்திரம் எங்கே என்கிறார். இந்த ஆல்பத்தைக் குறை சொல்கிறவர்களில் பெரும்பாலோர் சொல்வதும் இதைத்தான்.

முதலில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பார்ப்ரா நாடகத்துக்கு வெளியிலிருந்து வந்த பாப் பாடகி அல்ல. 1962இல் பிராட்வே மேடையேறியவர். 1964இல் 'ஃபன்னி கேர்ள்' அவரை நட்சத்திரமாக்கியது. அதற்குப் பிறகு சினிமா, பாப் பாட்டு என்று போய்விட்டார், பிராட்வே நாடகத்துக்குத் திரும்பவே இல்லை. 1980இல் பேரி கிப்போடு செய்த 'கில்ட்டி' என்ற பாப் ஆல்பம் உலகமெங்கும் ஓடியது. அப்படி இருந்தவர் மடோனாவும் ஸ்ப்ரிங்ஸ்டீனும் வானொலியை ஆண்ட வருஷத்தில் நாடகப் பாட்டு பாடப் போகிறேன் என்கிறார். இதை யார் வாங்குவார்கள் என்று இசைத்தட்டு நிறுவனத்தில் தயங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1969இல் 'ஹேர்' நாடகத்தின் இசைத்தட்டு அமெரிக்க இசைத்தட்டுகளின் பில்போர்டு தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. அதன்பின் எந்த பிராட்வே நாடகத்தின் இசைத்தட்டும் அங்கே போகவில்லை. பார்ப்ராவின் ஆல்பம் 1986 ஜனவரியில் முதலிடத்தைத் தொட்டது. அமெரிக்காவில் மட்டும் நாற்பது லட்சத்துக்கான சான்றிதழ், அப்புறம் கிராமி.

சரி, விற்பனை வாதமாகாது. பாட்டுக்கு வருகிறேன்.

இசைத்தட்டில் உள்ள 11 தடங்களில் 7 தடங்களின் வரிகள் ஸ்டீபன் சோண்ட்ஹைம் எழுதியவை. இது தற்செயல் இல்லை. பாத்திரத்தோடு இறுகக் கட்டி எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எடுத்துப் பாட எளிதான பாட்டுகள் எத்தனையோ இருக்க, கழற்றவே முடியாத பாட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார் பார்ப்ரா.

'பீயிங் அலைவ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் வந்த 'கம்பெனி' நாடகத்தின் கடைசியில் வருவது. முப்பத்தைந்து வயதில் கல்யாணம் ஆகாமல், சுற்றிலும் கல்யாணமான நண்பர்களோடு வாழும் பாபி பாடுவது. பாதிப் பாட்டு வரை அது ஒரு புகார். நெருக்கிப் பிடிக்க யாரோ ஒருவர், நம் நாற்காலியில் வந்து உட்கார யாரோ ஒருவர், தூக்கத்தைக் கெடுக்க யாரோ ஒருவர், இதெல்லாம் எதற்கு என்கிற தொனி. மேடையில் நண்பர்கள் இடையிடையே பேசி அவனைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கட்டத்தில் அதே வரிகள் அப்படியே திரும்பி 'என்னை' என்று மாறும். யாராவது வந்து என்னை நெருக்கிப் பிடியுங்கள் என்ற மன்றாட்டாகிவிடும். நாடகம் முழுவதும் அந்த ஒரு திருப்பத்துக்காகத்தான்.

பார்ப்ராவுக்கு அந்த நண்பர்கள் இல்லை. தள்ளிவிட ஆள் கிடையாது. அந்தத் திருப்பத்தைக் குரலே செய்தாக வேண்டும். முதல் பாதியை ஒட்டாமல், கொஞ்சம் ஒதுங்கி நின்று பாடுகிறார். பிறகு எந்த வரியில் கதவு திறந்தது என்று உங்களால் சொல்ல முடியாது, ஆனால் திறந்துவிட்டது தெரியும். கடைசியில் முழுக் குரலையும் எடுத்து நீட்டும்போது அது வித்தை காட்டுவதாக எனக்குப் படவில்லை. இதுவரை அடக்கி வைத்திருந்த ஒருவர் இனி அடக்க முடியாமல் போனதுதான் காதில் விழுகிறது. பாபி அங்கே இல்லை, உண்மை. பாபிக்கு நடந்தது முழுக்க அங்கே இருக்கிறது.

'சென்ட் இன் த கிளவுன்ஸ்' விஷயத்தில்தான் நண்பர் கோபமாகிவிட்டார். 1973இல் 'எ லிட்டில் நைட் மியூசிக்' நாடகத்தில் கிளினிஸ் ஜான்ஸ் என்ற நடிகைக்காக சோண்ட்ஹைம் எழுதியது. ஜான்ஸின் குரல் அழகு, ஆனால் நீட்டிப் பிடிக்கும் குரல் இல்லை. அதனால்தான் அந்தப் பாட்டு முழுக்கச் சின்னச் சின்ன வாக்கியங்கள், கேள்வி கேட்டுவிட்டு மூச்சு விடுகிற மாதிரி. அந்த மூச்சுதான் பாட்டின் துக்கம். பார்ப்ராவோ நீட்டுவதற்கென்றே பிறந்த குரல். போதாததற்கு, நடுவில் ஏதோ விடுபட்டது போல இருக்கிறது என்று சோண்ட்ஹைமிடமே கேட்டுப் புது வரிகள் எழுதி வாங்கினார். "எழுதியவனையே திருத்தச் சொல்வதா?" என்று கொதிக்கிறார் நண்பர்.

எனக்கு இதில் அகம்பாவம் தெரியவில்லை. மேடையில் அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு ஆண் இருக்கிறான், பேச்சு இருக்கிறது, அவன் எழுந்து போவது இருக்கிறது. இசைத்தட்டில் அதெல்லாம் இல்லாதபோது அந்தக் குழியை உணர்ந்தவர் பார்ப்ராவுக்குள் இருந்த நடிகை. உணர்ந்ததும் தானாக ஏதோ ஒட்டுப் போடாமல் எழுதியவரிடமே போனார். பாட்டை மதிக்காதவர் இப்படிச் செய்ய மாட்டார். ஆனால் அந்தப் புது வரிகள் எனக்குமே பிடிக்காது. சொல்லாமல் விட்டதை அவை சொல்லிவிடுகின்றன. போனில் இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்படி மாற்றியதில் முழு வெற்றி என்றால் முதல் பாட்டு, 'புட்டிங் இட் டுகெதர்'. மூலத்தில் ஒரு நவீனக் கலைஞர், தன் கலைக்குப் பணம் திரட்ட ஒரு விருந்தில் பல்லைக் காட்டித் திரிவார். சோண்ட்ஹைம் அதை ஒரு பாடகிக்கும் இசைத்தட்டு அதிகாரிகளுக்குமான இழுபறியாக மாற்றிக் கொடுத்தார். அதிகாரிகளின் குரல்களில் இயக்குநர் சிட்னி போலாக்கும் நிஜமாகவே இசைத்தட்டு நிறுவனம் நடத்திய டேவிட் கெஃபனும் உண்டு. ஆல்பத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதையெல்லாம் முதல் பாட்டிலேயே அவர்கள் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பாடுகிறார்.

நண்பர் சரியாகச் சொன்ன இடங்களும் உண்டு. 'த லேடீஸ் ஹூ லஞ்ச்' கசந்துபோன ஒரு பெண் குடித்துவிட்டுத் தன்னைப் போன்றவர்களைக் கிழிக்கிற பாட்டு. எலைன் ஸ்ட்ரிட்ச் பாடிய மூலத்தில் தொண்டையே கிழியும். பார்ப்ரா அதை 'ஸ்வீனி டாட்' நாடகத்தின் 'ப்ரிட்டி விமன்' பாட்டோடு பின்னியிருக்கிறார். யோசனை நல்ல யோசனை, ஆண்கள் ரசிக்கும் பெண்ணும் அந்தப் பெண்ணின் உள்ளே இருப்பதும் அடுத்தடுத்து. ஆனால் பாடியதில் கசப்பு இறங்கவில்லை, அழகாகவே இருக்கிறது. அங்கே அழகு தப்பு.

இன்னொன்று எனக்கு ரொம்ப உறுத்துவது. 1927இல் வந்த 'ஷோ போட்' நாடகத்தின் பாட்டுக்கு மூலத் தலைப்பு 'கான்ட் ஹெல்ப் லவ்வின் டாட் மேன்'. ஜூலி என்ற பெண் வெள்ளைக்காரியாக நடமாடிக்கொண்டிருப்பாள். அவள் இதைப் பாடியதும் சமையல்காரி குவீனி ஆச்சரியப்படுவாள், இது கறுப்பின மக்கள் மட்டுமே பாடிக் கேட்ட பாட்டாயிற்றே என்று. ஜூலியின் பிறப்பு ரகசியம் கசிகிற முதல் இடம் அது. அந்த 'டாட்' என்ற கறுப்பினப் பேச்சுச் சொல்லில் கதையே இருக்கிறது. பார்ப்ரா அதை 'தாட்' என்று திருத்திவிட்டார். ஸ்டீவி வொண்டரின் ஹார்மோனிகா அங்கே உயிரை உருக்குகிறது, ஆனால் ஜூலி போய்விட்டாள்.

சிந்தசைசர் பற்றி நீட்டப் போவதில்லை. 'சம்திங்ஸ் கமிங்', 'சம்வேர்' இரண்டிலும் எண்பதுகளின் வாசனை தூக்கலாக இருக்கிறது. 'சம்வேர்' இசைக்கோப்புக்காக டேவிட் ஃபாஸ்டர் கிராமி வாங்கினார். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதில் மெய்சிலிர்க்கிறார்கள், பாதிப் பேர் அடுத்த பாட்டுக்குத் தாண்டுகிறார்கள். நான் தாண்டுவதில்லை.

இதையெல்லாம் மீறி என்னை முதல் கட்சியிலேயே வைத்திருப்பது ஒரு பாட்டு. கேசட்டில் அது கிடையாது, சிடியில் மட்டும் கூடுதலாகச் சேர்த்தது. 'கைஸ் அண்ட் டால்ஸ்' நாடகத்தின் 'அடிலைட்ஸ் லமென்ட்'. நிச்சயதார்த்தம் ஆகிப் பதினாலு வருஷமாகக் கல்யாணம் நடக்காத ஒரு இரவு விடுதிப் பாடகி. ஒரு மருத்துவப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே, தன்னை விடாத ஜலதோஷத்துக்குக் காரணம் இந்தக் கல்யாண ஏக்கம்தான் என்று கண்டுபிடிக்கிறாள். மூக்கடைத்த நியூயார்க் குரல், தும்மல், ஆத்திரம். பிரபலமான பார்ப்ரா குரலை முழுசாகக் கழற்றி வைத்துவிட்டு அடிலைடாகவே நிற்கிறார். பாத்திரத்துக்குள் போகத் தெரியாதவர் இப்படிப் பாட முடியாது. மற்ற பாட்டுகளில் வெளியே நின்றது அவராக எடுத்த முடிவு. அந்த முடிவு சில இடங்களில் பிசகியது, அவ்வளவுதான்.

நண்பரிடம் இருந்தது எல்பி இசைத்தட்டு, அதிலும் இது கிடையாது. இந்தப் பாட்டை அவர் கேட்டதே இல்லை என்பது போனை வைக்கும் நேரத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரியே அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.