வாஷிங்டன் கட்டட உயரம்: ஒரு திருத்தம்

வாஷிங்டன் நகரில், அமெரிக்க நாடாளுமன்றம் இயங்கும் கேப்பிடல் கட்டடத்தைவிட உயரமாக எதையும் கட்டக்கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்லப்படுவதுண்டு. பலரும் நம்பும் செய்திதான், ஆனால் சட்டத்தில் அப்படி இல்லை.

1910ஆம் ஆண்டின் கட்டட உயரச் சட்டம் அளவுகோலாகக் கொள்வது தெருவின் அகலத்தை. வணிகத் தெருவில், எதிரே உள்ள தெருவின் அகலத்தோடு 20 அடி கூட்டினால் வருவதே உயர வரம்பு. உச்சம் 130 அடி. 90 அடி அகலத் தெருவென்றால் 110 அடி. தெரு 120 அடி அகலமாக இருந்தாலும் 130ஐத் தாண்ட முடியாது. பென்சில்வேனியா அவென்யூ என்ற தெருவின் வடபுறத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் 160 அடி. குடியிருப்புத் தெருக்களில் உச்சம் 90 அடி. நகரின் எந்தப் பகுதியில் எதை எப்படிக் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிகள் இதைவிடக் குறைவாகவும் வைக்கலாம். அதைப் பார்க்காமல் கணக்குப் போடுவதால்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

கேப்பிடலின் உயரம் 288 அடி. அதுவே வரம்பாக இருந்திருந்தால் அங்கே இருபது மாடிக் கட்டடங்கள் எழுந்திருக்கும். கோபுரம், குவிமாடம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தச் சட்டத்துக்கு முன்பே எழுந்த பழைய தபால் நிலையக் கோபுரம் 315 அடி, கேப்பிடலைவிட உயரம்.

சரிபார்க்க, வாஷிங்டனை ஆளும் கொலம்பியா மாவட்ட நகரவையின் இணையச் சட்டத் தொகுப்பில் 6-601.05 என்ற பிரிவைத் தேடுங்கள். கேப்பிடல் அங்கே அளவுகோலாக இல்லை என்பதை நீங்களே படித்துப் பார்க்கலாம்.