பாஸ்போர்ட் இல்லாமலும் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதியலாம்
"இங்கிலாந்தில் அகதி மனு போட்டவர் பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் இல்லாமல் ஜி.பி.யிடம் பதிய முடியாது, அவசரப் பிரிவு மட்டும்தான் இலவசம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஜி.பி. பதிவுக்கு அடையாள அட்டையோ, முகவரிச் சான்றோ, விசாவோ கட்டாயமில்லை. குழப்பமெல்லாம் வரவேற்பு மேசையில்தான்: "கரண்ட் பில் ஏதாவது கொண்டு வாங்க" என்பார்கள். கேட்கலாம், இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. மறுத்தால் 14 நாட்களுக்குள் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும், விடாமல் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளரும் இலவசம்தான், பிள்ளையை நடுவில் நிறுத்தி அம்மாவின் நோயைச் சொல்லவைக்க வேண்டியதில்லை.

மனு நிலுவையில் இருக்கும்வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கும் கட்டணமில்லை. மருந்து, பல் சிகிச்சை, கண் பரிசோதனை இலவசமாகக் கிடைக்கத்தான் எச்.சி.2 (HC2, குறைந்த வருமானக்காரர்களுக்கான கட்டண விலக்கு) சான்றிதழ் வேண்டும். அதன் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தது தெரியாமல் மருந்துச் சீட்டின் பின்புறம் 'இலவசம்' என்று டிக் அடித்தால் அபராதக் கடிதம் வீடு தேடி வரும்.

மனு நிராகரிக்கப்பட்ட பிறகுதான் மருத்துவமனைக் கட்டணச் சிக்கல், அதுவும் எல்லாருக்கும் இல்லை. முன்பே தொடங்கிய சிகிச்சை முடியும்வரை இலவசமே. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் நிராகரிக்கப்பட்டவர்களிடமும் கட்டணம் கேட்பதில்லை.