பூட்டிக்கொண்ட லாகின்கள்

பள்ளிக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். ஆன்லைன் தேர்வு 10 மணிக்கு என்றால் 9.55-க்கே என் போன் அலற ஆரம்பித்துவிடும். "சார், பசங்க யாருக்குமே லாகின் ஆகலை!" பதறியடித்து ஓடிப் பார்த்தால் நாலு பேருக்கு. அதில் ஒருவனுக்கு கேப்ஸ் லாக் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கிறது.

போன வாரமே டீச்சருக்கு லாகின் பட்டியலை அனுப்பி, ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சியிருந்தேன். டீச்சர் அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து, அழகாகக் கட்டம் போட்டு, அச்செடுத்து, துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்திருக்கிறார். ஸ்ப்ரெட்ஷீட் தன் பங்குக்கு 004217 என்ற ஐடியை வெறும் 4217 ஆக்கிவிட்டது. முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லையாம்! பிள்ளை பாவம், தாளில் இருப்பதை அப்படியே அடிக்கிறது. நாலைந்து முறை தப்பானதும் கணக்கு பூட்டிக்கொள்கிறது. திறக்க நான் ஓட வேண்டும்.

பாஸ்வேர்டுகளை உருவாக்கிய மகானை வேறு தேடிக்கொண்டிருக்கிறேன். பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும் அடுத்தடுத்து, எண் ஒன்றும் சின்ன 'எல்'லும் தோளோடு தோள். எட்டு வயசுக் குழந்தைக்கு!

முந்தைய வகுப்புப் பையன் லாக் அவுட் செய்யாமல் போன கணினியில் அடுத்தவள் உட்கார்ந்து, பாதித் தேர்வை அவன் பெயரில் எழுதியது தனிக் கதை.

எல்லாம் முடித்து நிமிர்ந்தால் டீச்சர் தயங்கித் தயங்கி வருகிறார். "சார்... என்னோட பாஸ்வேர்டு என்னன்னு பார்த்துச் சொல்றீங்களா?"