குளக்கரை மினுங்குகிறது, வெள்ளலூர் புகைகிறது

எங்கள் தெருவில் பல ஆண்டுகளாக வீட்டு வேலை செய்துவந்த ஓர் அக்கா, கோவையின் முத்தண்ணன் குளக்கரையில் குடியிருந்தவர். அங்கிருந்த வீடுகள் 2020-ஐ ஒட்டிய காலத்தில் அகற்றப்பட்டபோது அவருக்கு ஊர்க்கோடியில் உள்ள கீரணத்தத்தில் அரசு வாரியக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. போன மாதம் காந்திபுரம் பேருந்து நிலையத்தில், மடித்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்காக நின்றிருந்தவரைத் தற்செயலாகப் பார்த்தேன். பெண்களுக்குத்தான் இப்போது டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லையே, போக்குவரத்துச் செலவு குறைந்திருக்குமே என்று நான் கேட்டேன். "பஸ்ஸுக்குக் காசில்லீங்க தம்பி. ஆனா ரெண்டு பஸ் மாறி வர்றதுக்குள்ள விடிஞ்சு போயிருது. நாலு ஊட்டுல ரெண்டு ஊட்ட உட்டுட்டேன்" என்றார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, சுவர் நன்றாக இருக்கிறது, மழைக்குப் பயமில்லை என்று நிறைவாகவே சொன்னார். அவர் பேச்சில் குறை இருந்தது, புலம்பல் இல்லை.

அன்றைக்கு மாலையே குளக்கரைக்கு நடக்கப் போனேன். நடைபாதை, விளக்குக் கம்பங்கள், குழந்தைகளோடு வந்த குடும்பங்கள், செல்பி எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்று கரை உயிரோட்டமாக இருந்தது. குளத்தைச் சீர்படுத்தியது தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நொய்யல் ஆற்றின் வாய்க்கால்களால் கோக்கப்பட்ட இந்தக் குளங்கள்தாம் கோவைக்கு நிலத்தடி நீரைத் தருகின்றன. நீர்நிலைக்குள் வீடு கட்டிக்கொண்டு ஒவ்வொரு மழைக்கும் சாமான்களைத் தலையில் தூக்கி ஓடும் வாழ்க்கையை எந்த ஏழையும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் கரையின் மதிப்பு கூடியபோது, அதில் குடியிருந்தவருக்குக் கூலி பாதியாகக் குறைந்ததே, அந்தக் கணக்கு எந்தத் திட்ட அறிக்கையில் வருகிறது என்பதே என் கேள்வி.

ஒன்றிய அரசின் பொலிவுறு நகரங்கள் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தின் முதல் பட்டியலில் 2016 ஜனவரியில் கோவை இடம்பெற்றது. திருப்பூரும் ஈரோடும் பின்னால் சேர்ந்தன. பணம் பெருமளவில் வந்தது, வேலையும் நடந்தது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், ரேஸ்கோர்ஸ் என்று கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள் பல. என்னுடைய குறை வேறு. இந்த நகரம் தன்னுடைய ஒரு வட்டாரத்தைத் துலக்கும்போதெல்லாம் அதன் சுமையை அடுத்த வட்டாரத்தில் இறக்கி வைக்கிறது. அதற்குப் பிறகு அந்த அடுத்த வட்டாரத்தை "பின்தங்கிய பகுதி" என்று எழுதிவிடுகிறது.

இதற்கு வெள்ளலூரை விடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஏறக்குறைய 650 ஏக்கர் பரப்பில் அங்குள்ள மாநகராட்சிக் குப்பைக் கிடங்குக்குத்தான் ஆர்.எஸ்.புரம் வீட்டு மிச்சமும், காந்திபுரம் ஓட்டல் எச்சிலிலையும், அடுக்குமாடிகளின் அழுக்கு டயப்பரும் போய்ச் சேருகின்றன. 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்து பல நாட்கள் புகைந்தபோது, போத்தனூர், வெள்ளலூர் பக்கத்து மக்கள் வெயில் காலத்தில் சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சுற்றியிருப்பவர்களில் ஒரு பகுதியினர் வெள்ளலூர் பேரூராட்சியைச் சேர்ந்தவர்கள். கோவை மாநகராட்சி மன்றத்துக்கு அவர்கள் வாக்களிப்பதில்லை. குப்பையை அனுப்புகிற மன்றத்தில் அவர்கள் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. அந்தப் பக்கத்துக்கு ஒரு நல்லது வருகிறது என்று நம்பியிருந்தது ஒருங்கிணைந்த பேருந்து நிலையம். சுமார் 168 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2020-இல் தொடங்கிய அந்த வேலையும் பாதியில் நின்றுபோனது. ஆட்சி மாறினால் பேருந்து நிலையத்தின் திசையும் மாறுவதை நாம் இயல்பாகவே எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். ஆனால் அந்தத் தூண்களைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவனுக்கு அது அரசியல் செய்தி இல்லை. அவன் நிலத்தின் விலையும் அவன் மகனின் கடைக் கனவும் அதில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

சுமையை அடுத்தவர் வாசலில் இறக்குவதற்குக் கொங்கு நாட்டில் பழைய கதை ஒன்று உண்டு, அதை மறக்கக் கூடாது. திருப்பூர் பனியன் தொழில் ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகளில், சாயக்கழிவு நொய்யலில் விடப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர்த் தொட்டியாக மாறியது. அணையில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று விவசாயிகளே கேட்ட கொடுமை உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை தீவிரமாகியது. மூடப்பட்ட மாதங்களில் வேலையிழந்து சொந்த ஊர்களுக்கு ரயிலேறிய தொழிலாளிகளும் இந்தக் கதையில் உண்டு. மேலே இருப்பவர் முன்னமே செலவழித்திருந்தால், கீழே இருப்பவர் நிலத்தையும் நடுவில் இருப்பவர் கூலியையும் இழந்திருக்க வேண்டியதில்லை.

நொய்யல் வெள்ளியங்கிரியில் இறங்கி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நான்கு மாவட்டங்களைத் தொட்டுக் காவிரியில் கலக்கிறது. அதற்கு மாவட்ட எல்லை தெரியாது. நம் பிழைப்புக்கும் தெரியாது. சோமனூரில் கூலிக்கு ஓடும் விசைத்தறியின் துணி ஒரு மாவட்டத்தில் நெய்யப்பட்டு இன்னொன்றில் விலைபோகிறது. சூலூரில் குடியிருப்பவர் பீளமேட்டில் வேலை பார்க்கிறார். பல்லடத்துக்காரர் பிள்ளை கோவையில் படிக்கிறது. அவிநாசி சாலையில் நீலாம்பூர் தாண்டி கருமத்தம்பட்டி வரைக்கும் போய்ப் பாருங்கள், நகரம் எங்கே முடிந்தது என்று கைகாட்ட முடியாது. ஆனாலும் 2022-இல் நகர்ப்புற வளர்ச்சிக் குழுமங்கள் அறிவிக்கப்பட்டபோது கோவைக்கு ஒன்று, திருப்பூருக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் அறிவிக்கப்பட்டன. தனித்தனியாக இருக்கட்டும், இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கான கட்டாயம் எங்கே இருக்கிறது?

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரப் பகுதிக்கு மாநகரத் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. அந்தப் பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் பரவியிருக்கலாம் என்றும் அதே திருத்தமே சொல்கிறது. அதாவது ஊராட்சித் தலைவரும் பேரூராட்சி உறுப்பினரும் மாநகராட்சி உறுப்பினரும் சேர்ந்து, தண்ணீரையும் குப்பையையும் சாலையையும் பொதுவில் பேச வேண்டும் என்று சட்டம் எழுதி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சட்டத்தை எழுதியவர்கள் கோவையையும் திருப்பூரையும் மனத்தில் வைத்துத்தான் எழுதினார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

எல்லைக்கோடு பணத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை மெட்ரோ விவகாரத்தில் எல்லோரும் பார்த்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மெட்ரோவுக்கு வேண்டிய இருபது லட்சம் பேர் இல்லை என்று சொல்லி 2025 நவம்பரில் கோவை மெட்ரோ ரயில் திட்டத்தை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. அந்த முடிவின் அரசியலுக்குள் நான் போகவில்லை. கட்சிக்காரர்கள் அதை வேண்டிய அளவுக்குப் பேசிவிட்டார்கள். எனக்குப் பட்டது ஒன்றுதான். தினமும் கோவைக்குள் வந்து வேலை செய்துவிட்டு இருட்டிய பின் ஊர் திரும்பும் சூலூர்க்காரரையும் அன்னூர்க்காரரையும் மாநகராட்சிக் கணக்கு எண்ணுவதில்லை. குப்பையை அனுப்பும்போது கோடு நெகிழ்கிறது, பணம் வரும்போது அதே கோடு இறுகிவிடுகிறது.

பக்கத்து ஊர்களைச் சேர்த்து முதலீடு செய்வது நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. 1995-இல் தொடங்கப்பட்ட புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டு நிறுவனம் பவானிப் பக்கத்திலிருந்து குழாய் போட்டுத் திருப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. சாய ஆலைகளுக்குக் கூடுதல் விலை, நகருக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலை என்று அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. தனியார் பங்கேற்பைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு, அவை வேறு பதிவுக்கு. ஆனாலும் ஈரோட்டுத் தண்ணீரும் திருப்பூர்க் காசும் வழியில் இருந்த குடங்களும் ஒரே கணக்கில் வந்தன என்பதை மறுக்க முடியாது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1971-இல் வந்த ஒரு சட்டம் இதை வரிக்கே நீட்டித்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சூழ்ந்த ஏழு மாவட்டங்களில், வணிக, தொழில் கட்டடங்களின் வரி மதிப்பில் புதிதாகக் கூடுவதில் 40 விழுக்காடு பொதுத் தொகுப்புக்குப் போகிறது. வருவாய்க்கு வழியில்லாத ஊர்களுக்கு அதிலிருந்து கூடுதல் பங்கு கிடைக்கிறது. அப்படியே இங்கே நடவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் வந்த பிறகு அதன் இரு மருங்கிலும் ஏறியிருக்கும் மதிப்பில் ஒரு துளியாவது, அந்தக் கட்டடங்களின் குப்பையைச் சுமக்கும் வெள்ளலூருக்கும், அவற்றைப் பெருக்கித் துடைக்கும் பெண்கள் குடியிருக்கும் கீரணத்தத்துக்கும் ஏன் போகக் கூடாது?

அடுத்து வரப்போகும் சோதனை பஞ்சாலை நிலங்கள். ஒண்டிப்புதூர் கம்போடியா, பீளமேடு ரங்கவிலாஸ், பங்கஜா, முருகன் என்று ஒன்றிய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகத்துக்குச் சொந்தமான ஆலைகள் 2020 பொதுமுடக்கத்தோடு நின்றவைதான். என் அப்பா இருபத்தாறு ஆண்டுகள் ஒரு தனியார் பஞ்சாலையில் ஷிப்ட் பார்த்தவர். மூன்றாம் ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் காதுமடலிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிட்ட பிறகுதான் எங்களைத் தொடுவார். அவருடைய ஆலை மூடப்பட்டபோது கிடைத்த தொகை என் அக்காவின் கல்யாணத்துக்கே போதவில்லை. ஆலை இருந்த இடத்தில் இன்றைக்கு அடுக்குமாடிகள் நிற்கின்றன, நுழைவாயிலில் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மும்பை செய்த பிழை நம் கண்முன்னே இருக்கிறது. ஆலை நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு எளியோர் வீட்டுக்கு, மீதி உடைமையாளருக்கு என்று 1991-இல் அங்கே ஒரு விதி வந்தது. 2001-இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத வெற்றிடத்துக்கு மட்டும்தான் இந்தப் பங்கீடு என்று சுருக்கினார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. ஆலை நிலத்தில் பெரும்பகுதி கட்டடம்தானே, பொதுமக்களுக்குச் சேர வேண்டியது கைப்பிடியாகக் குறைந்தது. இங்கே அரசு நிறுவனத்தின் கையில் இருக்கும் நிலத்துக்காவது விற்பனை அறிவிப்பு வரும் முன்பே பங்கீட்டு விதி வந்துவிட வேண்டும். ஒண்டிப்புதூரிலும் பீளமேட்டிலும் எளியோர் வீடு கட்ட இடம் இருக்கும்போது ஒருவரைக் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்ப வேண்டிய தேவையே எழாது. பேருந்துத் தடத்திலேயே வீடு இருந்தால் அந்த அக்கா நான்கு வீட்டு வேலையையும் பார்த்திருப்பார்.

நிலத்தைச் சந்தை விலைக்கு விற்றால்தானே அரசுக்கு வருவாய், அதில் இன்னும் பல நலத்திட்டம் செய்யலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும். நகரின் நடுவில் கையிலிருந்த நிலத்தை விற்றுவிட்டு, அந்தக் காசில் ஊர்க்கோடியில் வீடு கட்டி, பிறகு அங்கே சாலைக்கும் தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவழித்தால் மிச்சம் எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வார்டில் அடுத்த பகுதி சபா, அதாவது பகுதி மக்கள் கூட்டம், கூடும்போது இரண்டு விஷயங்களைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். குளக்கரையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களின் இன்றைய வருமானத்தை மாநகராட்சி வீடுவீடாகக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்பது ஒன்று. குப்பைக் கிடங்கு பற்றிய கூட்டங்களில் வெள்ளலூர் பேரூராட்சிக்காரர்களுக்கு இருக்கை வேண்டும் என்பது மற்றொன்று. "அது நம்ம வார்டு விஷயம் இல்லீங்களே" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். எங்கள் தெருக் குப்பை வண்டி தினமும் எங்கே போகிறது என்று அவரிடம் கேட்பதாக இருக்கிறேன்.